பீங்கானைக் கவிழ்த்துப் பார்த்தவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதியிருக்கக் கூடாத ஓரிடத்தில் ஒருமுறை முகவரியோடு எழுதிவிட்டேன். பேட்டையில் அவருடைய லேத் பட்டறைக்கு வேலை கொண்டுபோனவர்கள் அவரை ‘பாய்’ என்றார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச் சபையார் ‘பீங்கான் பாய்’ என்றார்கள். இங்கே பாய் என்றே இருக்கட்டும்.

எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தத் தட்டைக் கையில் கொடுத்தாலும், அவர் முதலில் அதன் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. வாங்கிய கையோடு கவிழ்ப்பார். அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்ப்பார். வலது கை லேத்துக்கு, இடது கை பீங்கானுக்கு என்று பிரித்து வைத்திருந்தார். வலது கை நகங்களில் கிரீஸ் நிரந்தரமாகக் குடியிருந்தது. இடது கை மட்டும் சோப்புப் போட்டுப் போட்டு வெளுத்திருக்கும். அந்தக் கையின் நடுவிரலை மடக்கி, தட்டின் ஓரத்தில் ஒரு சுண்டு சுண்டி, காதருகே வைத்துக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது பேசினால் முகம் கடுக்கும்.

எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்தபோது என் மனைவி புதுக் கோப்பையில் டீ கொடுத்தாள். அவர் கோப்பையைத் தூக்கி நாற்காலிக் கையில் வைத்துவிட்டு, கீழிருந்த சின்னத் தட்டைக் கவிழ்த்தார். அதில் சிந்தியிருந்த டீ அவர் கால்சட்டையில் கொட்டியது. அதைத் துடைக்கக்கூட இல்லை. அடியில் இருந்த எழுத்தைப் படித்தார், திருப்பி வைத்தார், குடித்தார்.

“என்னங்க இந்த மனுசன்? நான் கழுவலன்னு நெனைக்காரா?” என்று அடுக்களையில் என்னிடம் கேட்டாள்.

“பழக்கம்” என்றேன். ஆனால் எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அவர் சேர்த்தது ஒரே வகை. வெள்ளையில் நீலப் படம் போட்ட பழைய இங்கிலீஷ் பீங்கான். சோற்றுத் தட்டு, சூப்புத் தட்டு, குழம்புக் கிண்ணம், கறி வைக்கிற பெரிய நீள்வட்டத் தட்டு. வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்தில் மிஷன் பங்களாக்களுக்கும் மலை எஸ்டேட்டுகளுக்கும் கப்பலில் வந்தவை. அவர்கள் போனபோது சமையற்காரர், கணக்கர், உபதேசியார் வீடுகளில் ஒன்றும் இரண்டுமாகத் தங்கிப்போனவை. அவற்றைத் தேடித்தான் பாய் தன் பழைய ஸ்கூட்டரில் பாளையங்கோட்டைத் தெருக்களில் வந்துகொண்டிருந்தார்.

அவருக்கும் எனக்கும் பழக்கம் வந்தது பீங்கானால் அல்ல, தண்ணீர் மோட்டாரால். உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. பேட்டையில் கடைந்து தருவார் என்று சொன்னார்கள். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அளவு இல்லாமல் எங்கும் போவதில்லை. தண்டின் குறுக்களவை மூன்று இடத்தில் அளந்து ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். அவர் தாளை வாங்கி, படிக்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலிப்பரை எடுத்தார்.

“எழுதிக் கொண்டாந்திருக்கேனே பாய்.”

“எழுதுனது இருக்கட்டும் சார். இரும்பு என்ன சொல்லுதுன்னு பாப்போம்.”

அளந்தார். தாளை எடுத்துப் பார்த்தார். மூன்றும் சரியாக இருந்தன. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம் வந்தது போல, தண்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தார்.

வேலை முடியும்வரை பின்கட்டு அறையில் உட்காரச் சொன்னார். தரையெல்லாம் இரும்புச் சீவல். ஆங்கிள் இரும்பில் அவரே வெல்டிங் வைத்த அடுக்குகள் மூன்று சுவர்களிலும் கூரை வரைக்கும் நின்றன. எல்லாவற்றிலும் நீலம். கட்டிங் ஆயில் நாற்றத்துக்கு நடுவில், புகை படிந்த அந்த அறைக்குள் மட்டும் யாரோ ஆற்றைத் திருப்பிவிட்ட மாதிரி இருந்தது. நான் எண்ணினேன். நூற்று அறுபத்து நான்கு உருப்படிகள்.

“எப்படி ஆரம்பிச்சுது பாய்?”

பாபநாசத்துக்கு மேலே ஒரு பாழடைந்த பங்களாவில் பழைய இரும்பு மொத்தமாக எடுத்தாராம். அதோடு வைக்கோல் அடைத்த ஒரு மரப்பெட்டியும் வந்தது. முதல் தட்டைக் கவிழ்த்தபோது, அடியில் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. அந்தத் தட்டை எடுத்து என்னிடம் காட்டினார். ரேகையின்மேல் தன் பெருவிரலை வைத்தார். சரியாக மூடியது.

“எவனோ ஒரு தொழிலாளி சார். கைய தொடைக்காம தொட்டுட்டான். சூளைல வெந்து அப்படியே நின்னுபோச்சு. அவன் மேஸ்திரி கிழிகிழின்னு கிழிச்சிருப்பான்லா.” சிரித்தார். “அன்னைலருந்து அடியத்தான் பாக்குதேன். மேல என்ன இருக்கும்? மாடு இருக்கும், பாலம் இருக்கும். அது அவன் விக்கதுக்குப் போட்டது. அடிலதான் ஆளு இருக்கான்.”

பிறகு மற்றொரு தட்டைத் தந்து, “தப்பு எங்க இருக்கு? தேடுங்க” என்றார். பத்து நிமிடம் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. விளிம்பில் ஓடிய பூக்கொடியில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். பாதிப் பூ வெட்டுப்பட்டு, பக்கத்தில் சம்பந்தமில்லாமல் பாதி இலை தொடங்கியது. படத்தை மெல்லிய காகிதத்தில் அச்செடுத்து, காகிதத்தைப் பீங்கானில் ஒட்டித் தேய்த்து, பிறகு கழுவிவிடுவார்களாம். விளிம்பைச் சுற்றிவரும் காகித நாடாவின் இரண்டு முனையும் ஓரிடத்தில் வந்து சேர வேண்டும். கையால் ஒட்டுவதால் அந்த ஒட்டு சேரவே சேராது. ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். இப்போது வருகிற போலிகளில் விளிம்பு முழுவதும் குறையில்லாமல் ஓடுமாம்.

“தப்பே இல்லாத பீங்கான் கைக்கு வந்தா நான் அடுக்குல ஏத்த மாட்டேன் சார்” என்றார்.

மனிதர்களிடமும் அதே கணக்குதான். கேட்டவுடன் கொடுக்கிறவர்களை அவர் நம்பமாட்டார். திசையன்விளையில் ஒரு பெண் பேச்சே இல்லாமல் ஆறு தட்டுகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். வாங்கி வந்தவர் ஒரு வாரம் அவற்றை அடுக்கில் ஏற்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பஸ் ஏறி அதே வீட்டுக்குப் போய்த் தெருவில் விசாரித்தார். தட்டுகள் அவளுடையவை அல்ல, துபாயில் இருக்கும் நாத்தனாருடையவை. ஆறையும் திருப்பி வைத்துவிட்டு வந்தார். இதை அவரே என்னிடம் சொன்னார். கேட்டபோது அவர்மேல் மரியாதை வந்தது. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் எழுதும்போது, நம்மிடம் எதற்காக இதைச் சொன்னார் என்று தோன்றியது. அதையும் எழுதினேன்.

சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை. “லேத்துக்காரனுக்கு வெள்ளக்காரன் தட்டு என்னத்துக்கு வே?” என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நிற்கும்போது எங்கள் சபைக் கமிட்டிச் செயலர் அண்ணாச்சி கேட்பார். “வீட்டுக்குள்ள வந்தா மனுசன் கண்ணு ஆள் முகத்துல நிக்கணும். அவருக்கு எல்லாம் அடிலதான் போகுது. கப்பல்ல வந்தத மறுபடி கப்பல்ல ஏத்துதாரோ என்னமோ.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரிய நீள்வட்டத் தட்டு உண்டு. மூன்று தலைமுறைக்கு முன் எங்கள் குடும்பத்தில் ஒருவர் மிஷன் பங்களாவில் சமையற்காரராக இருந்தார். அவர் வழியாக வந்தது. ஒரு பாலம், அதன்மேல் இரண்டு மாடு, அக்கரையில் இடிந்த கோபுரம். வருடத்தில் ஒருநாள் அது வேலை செய்யும். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை முடிந்து சபையார் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அசனத்தில், குருவானவர் மேசைக்குக் கறி வைப்பது அந்தத் தட்டில்தான். அசனத்துக்கு எல்லா வீட்டுப் பாத்திரமும் போகும். பித்தளையிலும் எவர்சில்வரிலும் பேர் வெட்டியிருக்கும். பீங்கானில் பேர் வெட்ட முடியாது. அதனால் என் மனைவி தீக்குச்சி நுனியில் சிவப்பு நகப்பூச்சைத் தொட்டு அடியில் ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

பாயைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே அந்தத் தட்டைக் கவிழ்த்து, அளந்து, நோட்டில் இப்படி எழுதினேன்: “நீள்வட்டத் தட்டு. நீளம் பதினேழே முக்கால் அங்குலம். ஒட்டு இடப்பக்கம், கோபுரத்துக்கு நேர். விளிம்பில் ஓர் உளுந்து அளவு உடைசல். அடியில் சூளையில் தட்டைத் தாங்கிய முட்டின் வடு மூன்று. சிவப்புப் பொட்டு ஒன்று.”

எதையும் முதலில் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதித் திருத்தி, பிறகுதான் நோட்டில் மையால் ஏற்றுவேன். முப்பது வருடப் பழக்கம். என் நாட்குறிப்புகளில் அடித்தல் திருத்தல் கிடையாது.

பாய் வீட்டுக்கு வந்தபோது தட்டைக் காட்டவில்லை. காட்டினால் கேட்பார் என்று நினைத்தேன். நோட்டைக் காட்டினேன்.

“பீங்கானக் காட்டாம நோட்டக் காட்டுதீங்க” என்றார். படித்தார். பிறகு தாளைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார். முன்னால் நாலைந்து தாள் புரட்டினார். “ஒரு அடிச்சல்கூட இல்லையே சார்.”

“வராது பாய்.”

“அப்ப இத எப்படி நம்புதது?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவரிடம் ஒரு மூடி இருந்தது. பெரிய சூப்புக் கிண்ணத்தின் மூடி, உச்சியில் பூமொட்டு மாதிரி ஒரு பிடி. அந்த முதல் மரப்பெட்டியில் கிடைத்தது. கிண்ணம் அதில் இல்லை. பத்தொன்பது வருடமாகக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பின்கட்டு அறையில் வாசலுக்கு நேர் அடுக்கில் அந்த மூடியை இரண்டு கம்பிக் கால்களில் நிறுத்தி, அடியில் கிண்ணம் இருக்க வேண்டிய உயரத்துக்கு வெற்றிடம் விட்டு வெல்டிங் வைத்திருந்தார். அந்த மூடியில் ஒட்டு எங்கே வருகிறது, எந்தப் பூ அறுந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வேறு எந்தப் பொருளைப் பற்றிப் பேசும்போதும் அவர் குரல் அப்படிக் குழைந்து நான் கேட்டதில்லை.

அந்தக் கிண்ணம் இருக்கிற வீட்டை அவருக்குச் சொன்னது நான்தான். எங்கள் சபையில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், தனியாக இருந்தார். அவர் வீட்டு அலமாரியில் மூடியில்லாத நீலக் கிண்ணம் ஒன்றைப் பார்த்த ஞாபகம் இருந்தது. பாய் போய்ப் பார்த்தார். அன்றைக்குப் பட்டறைக்குப் போகாமல் நேரே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சார், அதுவாத்தான் இருக்கும். வாய் அளவு சரியா இருக்கு. டீச்சர் வார வியாழக்கிழமை மூடியக் கொண்டாங்க, வச்சுப் பாப்போம்னு சொல்லிட்டாங்க. அவங்க குடுக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒரு தடவ மேல வச்சுப் பாத்துட்டா போதும்.”

இதற்குப் பத்து நாள் முன்பு எங்கள் தட்டு அவரிடம் போயிருந்தது. நான் நோட்டில் எழுதி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இடையில் இரண்டு அசனத்துக்குத் தட்டு போய் வந்திருந்தது. நடுவில் பழுப்பாகக் கறை படிந்திருப்பதை என் மனைவி கண்டாள். அவரைக் கூப்பிட்டேன். மருந்துக்கடையில் விற்கும் பெராக்சைடில் ஊறப்போட்டால் போய்விடும் என்றார். காகிதத்தில் சுற்றப் போனேன்.

“திருப்பிப் பாத்துட்டுக் குடுங்க சார்” என்றார்.

“நோட்டுல எல்லாம் இருக்கு பாய்.”

“நோட்டு இருக்கட்டும். ஒருக்கா திருப்பிப் பாருங்க.”

நான் பார்க்கவில்லை. அவர் சொன்னதாலேயே பார்க்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்படியே சுற்றிக் கொடுத்தேன்.

அவர் என் அலுவலகத்துக்கு வந்துபோன அந்த வாரச் சனிக்கிழமை காலையில் தட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். கறை சுத்தமாகப் போயிருந்தது. “இப்பமாவது திருப்பிப் பாத்து வாங்கிக்கோங்க” என்றார். நோட்டை எடுத்துவந்தேன். கூடத்து மேசையில் தட்டைக் கவிழ்த்து, வரி வரியாக ஒப்பிட்டேன். நீளம் சரி. மூன்று வடு சரி.

“பாய், ஒட்டு இடப்பக்கம்னு இருக்கு. இதுல வலப்பக்கம் இருக்கு.”

“ஆமா, வலப்பக்கந்தான்.”

“விளிம்புல உடைசல் இருக்கணும். இல்ல.”

“இல்ல.”

“சிவப்புப் பொட்டு எங்க?”

“நான் வாங்கிட்டுப் போகும்போதும் பொட்டு இல்ல சார். அதுக்குத்தான திருப்பிப் பாருங்கன்னு சொன்னேன்.”

என் மனைவி வந்து நின்றாள். “பொட்டு வச்சது நான். எனக்குத் தெரியும்” என்றாள்.

பாய் குனிந்து நோட்டைப் பார்த்தார். “இதுல கறைன்னு எழுதிருக்கா சார்?”

இல்லை. “கறை பொறவு விழுந்திருக்கும்” என்றேன்.

“இந்தக் கறை ரெண்டு வருசத்துல விழாது. வருசக்கணக்கா எண்ணெ உள்ள எறங்கி ஊறுனது. உங்க நோட்டு சொல்லுதது ஒரு பீங்கான். நீங்க எங்கிட்ட தந்தது வேற பீங்கான்.”

“எங்க வீட்டு அலமாரில இருந்து எடுத்துத் தந்தேன் பாய். ஒங்க வீட்ல இருந்து வந்துருக்கு. நடுவுல எங்க மாறும்?”

சிவப்புப் பொட்டு என்ற வரியிலேயே அவர் விரல் நின்றது. முகம் மாறியது. அன்றைய குறிப்பில் ‘முகம் மாறியது’ என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.

“இந்தப் பொட்டு வச்ச பீங்கான நான் பாத்திருக்கேன்” என்றார் பைய.

“எங்க?”

“அது சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“ஒரு வீட்டுப் பீங்கானுக்கு அடில என்ன இருக்குன்னு இன்னொரு வீட்ல சொன்னா, பொறவு எவன் என்னைய உள்ள விடுவான்? நீங்களே பாத்துக்கோங்க. ஒங்க ஆளுக வீட்ல இருக்கதெல்லாம் ஒருக்கா திருப்பிப் பாருங்க.”

“எங்க சபைல திருடன் இருக்கான்னு சொல்லுதீங்களா?”

“நான் அப்படிச் சொல்லல சார். திருப்பிப் பாருங்கன்னு சொல்லுதேன்.”

இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை. எழுத்து என் பக்கம் இருந்தது. அவரிடம் இருந்தது சொல்ல மாட்டேன் என்ற ஒரு வார்த்தை. அவர் போன பிறகு ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதினேன். முழுப்பெயர், பட்டறை முகவரி, தட்டின் அடையாளங்கள் எல்லாம். அடித்தல் இல்லாமல் எழுதினேன். மறுநாள் காலை செயலர் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் அதை ஆராதனை அறிவிப்புகளோடு சேர்த்து, கல்யாண ஓலைக்கும் வாலிபர் கூட்டத்துக்கும் நடுவில், வாசித்துவிட்டார். தட்டின் அடையாளங்களை விட்டுவிட்டு, பெயரோடு வாசித்தார். “சபையார் தங்கள் பழைய பாத்திரங்களை மேற்படி நபருக்குக் காட்டாதிருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.” ஒலிபெருக்கியில் கேட்டபோது பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்துகொண்டேன். அதை நான் எழுதவில்லை.

வியாழக்கிழமை பாய் டீச்சர் வீட்டுக்குப் போனார். மூடிக்கென்று தானே ஒரு மரப்பெட்டி செய்து, பழைய வேட்டியை மடித்து அடியில் வைத்து, ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார். டீச்சர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று, “இப்ப வேண்டாம் பாய், உடம்புக்குச் சொகமில்ல” என்றிருக்கிறார். பாய் பெட்டியைத் திரும்ப ஸ்கூட்டரில் வைத்துவிட்டு, “சரி டீச்சர். மழ வாரமாதிரி இருக்கு. கொடில துணி கெடக்கு, பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

டீச்சருக்குப் பயம் வந்துவிட்டது. அந்தக் கிண்ணம் வீட்டில் இருக்கும்வரை யாராவது தேடி வருவார்கள் என்று நினைத்தார். அடுத்த மாதம் ஸ்தோத்திரப் பண்டிகை. அவரவர் கொண்டுவந்து படைக்கிற வாழைத்தார், கோழி, கேக், பாத்திரம் எல்லாவற்றையும் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவோம். டீச்சர் கிண்ணத்தைக் கொண்டுவந்து காணிக்கையாக வைத்துவிட்டார். வெளியூர்க்காரர் ஒருவர் ஏலத்தில் எடுத்து, காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போனார். பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஏலப் பொருட்களின் பட்டியல் எழுதியது வழக்கம்போல நான். “மூடி இல்லாத நீலக் கிண்ணம் – ஒன்று” என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு அந்த மூடி ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. வரட்டும் என்றிருந்தேன்.

பாய் அதன்பிறகு பாளையங்கோட்டைப் பக்கம் வரவில்லை. மோட்டார் மறுபடி பழுதானபோது வேறு பட்டறைக்குப் போனேன். அங்கே நான் எழுதிக் கொடுத்த அளவை அப்படியே நம்பிக் கடைந்தார்கள். புஷ் பொருந்தவில்லை. தண்டு மேலும் தேய்ந்திருந்தது, நான் பழைய அளவைக் கொடுத்திருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து டீச்சர் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். சாமான் கட்ட நானும் மனைவியும் போனோம். “தம்பி, உன் வீட்டுத் தட்டு மாதிரியே எங்கிட்டயும் ஒண்ணு உண்டு பாத்துக்கோ. ரெண்டும் ஒரே பங்களாவுலருந்து வந்ததுதான்” என்று சொல்லிக்கொண்டே டீச்சர் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். பாலம், இரண்டு மாடு, கோபுரம். நான் வாங்கிய கையோடு அதைக் கவிழ்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

சிவப்புப் பொட்டு இருந்தது. விளிம்பில் உளுந்து அளவு உடைசல். ஒட்டு இடப்பக்கம், கோபுரத்துக்கு நேர். கறை இல்லை.

என் மனைவி தட்டை என் கையிலிருந்து வாங்கிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“அந்தப் பொட்டா?” என்றார் டீச்சர். “ஒரு அசனத்துக்குப் பொறவுதான் பாத்தேன். கழுவுத எடத்துல யாரும் வச்சிருப்பாங்கன்னு இருந்துட்டேன். என் தட்டுல நடுவுல கறை உண்டு. அதும் போயிருந்துச்சு, நல்லாத் தேச்சிருக்காங்கன்னு நெனச்சேன்.” பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: “அந்த பாயும் அன்னைக்கு இதத் திருப்பிப் பாத்தாரு. இது உங்க அடையாளமா டீச்சர்னு கேட்டாரு. வெளியாள்ட்ட என்னத்துக்குன்னு ஆமான்னு சொல்லிட்டேன்.”

அசனத்துப் பாத்திரம் கழுவுகிற இடத்தில், பெண்கள் அவசரமாகப் பிரித்துக் கொடுக்கையில், இரண்டு வீட்டுத் தட்டும் மாறியிருக்கிறது. டீச்சர் தட்டுதான் என் அலமாரியில் இருந்தது. அதைத்தான் பாயிடம் கொடுத்தேன். அவர் அதே தட்டைத்தான் திருப்பித் தந்தார். டீச்சர் வீட்டைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவர் பழியிலிருந்து வெளியே வந்திருக்கலாம். சொல்லாதது தன் வாக்குக்காகவா, வியாழக்கிழமை அந்தக் கிண்ணத்தில் மூடியை வைத்துப் பார்ப்பதற்காகவா என்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டாவது காரணம் எனக்கு முதலில் தோன்றியது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

தட்டுகளை மாற்றிக்கொண்டோம். அந்த ஞாயிறு செயலர் அண்ணாச்சியிடம் அறிவிப்பைத் திருத்தி வாசிக்கச் சொன்னேன். “முடிஞ்சுபோனதக் கிண்டாதிரும் வே” என்றார். நானே எழுந்து நின்று சொன்னேன். திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பேட்டைக்குப் போனேன்.

பாய் லேத்தை நிறுத்தவில்லை. கையிலிருந்த வேலை முடியும்வரை நின்றேன். பிறகு இடது கையை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, நீட்டினார். தட்டைக் கொடுத்தேன். கவிழ்த்தார். பொட்டைப் பார்த்தார். பெருவிரல் நகத்தால் அதைச் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். நேற்று நான் வைத்து எடுத்துவந்திருப்பேனோ என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

“பழசுதான்” என்றார்.

“டீச்சர் வீட்ல இருந்துச்சு பாய். நான்தான் திருப்பிப் பாக்கல.”

நோட்டை விரித்துக் கொடுத்தேன். ‘முகம் மாறியது’ என்ற வரியையும், அன்றைய குறிப்பு முழுவதையும் காலையில் குறுக்கே அடித்திருந்தேன். அவர் படித்தார். தாளைப் புரட்டினார். பின்பக்கத்தில் பேனா அழுந்திய தடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“அழுத்தித்தான் அடிச்சிருக்கீங்க” என்றார். “டீ குடிக்கீங்களா?”

டீ வரும்வரை பின்கட்டு அறையில் உட்கார்ந்திருந்தோம். வாசலுக்கு நேர் அடுக்கில் அந்த மூடி தன் கம்பிக் கால்களில் நின்றது. அடியில் வெற்றிடம் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“டீச்சர் கிண்ணம் ஏலத்துல போச்சுன்னு கேள்விப்பட்டேன். நீங்கதான் எழுதுனீங்களாமே.”

“ஆமா பாய்.”

“என்னன்னு எழுதுனீங்க?”

சொன்னேன்.

அவர் மூடியைப் பார்த்தபடியே இருந்தார். “அதுவும் தப்பு சார். மூடி இல்லாத கிண்ணம் இல்ல அது. மூடி இங்கன இருக்கு.”

அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மறு வருடம் பட்டறையைக் காலி செய்துவிட்டு மகனோடு போய்விட்டார் என்றார்கள். அடுக்குகளை என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று பேட்டையிலிருந்து வந்ததும் ஸ்தோத்திரப் பண்டிகைப் பட்டியலின் என் பிரதியை எடுத்தேன். பதினொன்றாம் வரியில் ‘மூடி இல்லாத’ என்பதை அடித்து, மேலே சின்ன எழுத்தில் ‘மூடி பேட்டையில்’ என்று எழுதினேன். பென்சிலால் எழுதிப் பார்க்கவில்லை. நேரே மையால் எழுதினேன்.